புளி உள்ளேதான் இருக்கும்

வியாழக்கிழமை காலை ஜீவானந்தம் சார் சமையலறைக்குள் வந்தார், ஜன்னல் பக்கம் போனார், மேடையில் கன்னம் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்தார். அப்படிச் சாய்ந்து பார்த்தால்தான் தெரியும். எட்டடி நீளம், இரண்டடி அகலம், வெள்ளை மார்பிள். இரண்டு வாரத்துக்கு முன்னால் அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்திருக்கலாம். இப்போது வெள்ளையடித்த சுவர் மாதிரிக் கிடந்தது.

"இன்னா இது?" என்றார்.

அங்கே நின்றிருந்தது நானும் ரம்யா அண்ணியும்தான்.

ஜமுனாமரத்தூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கிற இந்தத் தங்கும் விடுதி அவருடையது. அவர் கண்ணமங்கலத்துக்காரர். ஐந்து அறைகள். என் அண்ணன் மனைவி ரம்யா இங்கே சமையல். நான் அறைகளைப் பார்த்துக்கொள்வேன், புக்கிங் போன் எடுப்பேன், வருகிறவர்களுக்கு அருவிக்கு வழி சொல்வேன். பைப் வேலைக்காக இரண்டு வாரம் மூடியிருந்தோம். அந்த இரண்டு வாரமும் நான் வீட்டில் புளி அடித்துக்கொண்டிருந்தேன். பங்குனி மாதம், மலை முழுக்கப் புளி. முந்தைய நாள்தான் அண்ணி முதலில் வந்து சமையலறையைத் திறந்து சுத்தம் செய்தார்.

"ராஜஸ்தான்ல இருந்து லாரில வந்த கல்லு. இப்டி பண்ணி வெச்சிகிறீங்களே" என்றார் சார். "எல்லாம் புளி. எதத் தொட்டாலும் புளி. உங்களுக்கெல்லாம் கல்லப் பத்தி இன்னா தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. மலையில் பிறந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? நாங்கள் சாமை காயவைப்பது பாறையில். புளி அடிப்பது பாறையில். சின்ன வயதில் என் முன்பல் உடைந்ததும் பாறையில்தான்.

"ஞாயித்துக்கிழம கெஸ்ட்டு வராங்க" என்று அவர் தொடர்ந்தார். "போளூர்ல இருந்து ஒரு மாஸ்டர வரச்சொல்லிகிறேன். இனிமே அவர்தான் இந்தக் கிச்சன். ரம்யா வோணும்னா பின்னாடி கொட்டாயில விறகடுப்பு போட்டுக்கட்டும். புளி, எலுமிச்சம்பழம் எதுவும் இந்த வாசல தாண்டக்கூடாது."

அண்ணி முந்தானையை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டார். அவ்வளவுதான். அண்ணி கோபப்பட்டால் பேசமாட்டார். இந்த விடுதிக்கு வருகிறவர்கள் திரும்ப வருவதே அவருடைய புளிக்குழம்புக்கும் சாமைச் சோற்றுக்கும்தான். அதைக் கொட்டகைக்குத் தள்ளுவதும் ஆளையே வெளியே தள்ளுவதும் ஒன்றுதான்.

எனக்கு வாயை மூடத் தெரியாது.

"சார், இது புளி இல்ல" என்றேன். "நீங்க புதுசா வாங்கி அனுப்சீங்களே தரை தொடைக்கிற லிக்விடு, எலுமிச்ச வாசன அடிக்குதே, அதான். மார்பிள் மேல ஆசிட் பட்டா இப்டித்தான் ஆவும். நான் போளூர்ல மார்பிள் கடையில மூணு வருசம் இருந்தவ."

"பில்லு போட்ட."

"பில்லுதான் போட்டேன். காதும் அங்கதான் இருந்துச்சி."

அண்ணி எதையோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை.

"எனக்கு சனிக்கிழம சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. இந்தப் பளபளப்ப நான் திரும்பக் கொண்டாறேன். கொண்டாந்துட்டா அண்ணி இங்கதான், புளியும் இங்கதான். மாஸ்டர வரவேணாம்னு சொல்லிடுங்க."

"இல்லன்னா?"

"இல்லன்னா நானும் கொட்டாயிக்கிப் போறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சனிக்கிழம நாலு மணி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

கார் திரும்பியதும் நான் ஃபஹீமுக்குப் போன் போட்டேன். போளூர் கடையில் பாலிஷ் வேலை செய்கிறவன், என் வயதுதான். அங்கே இருந்தபோது நான் பில் போடாத நேரமெல்லாம் அவன் பின்னாலேயே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருப்பேன். தொந்தரவு தாங்காமல் ஒருநாள் கையில் பாலிஷ் தேய்க்கிற பேடைக் கொடுத்து ஒரு படிக்கட்டையே தேய்க்க வைத்தான்.

"இன்னா மேடம், மலை மேல டவர் கெடைக்குதா?"

"பாய், மார்பிள் மேடை செத்துப்போச்சி. ஆசிட் லிக்விடு. பேடு அனுப்பு. எல்லா நம்பரும்."

"மொதல்ல எதனாலன்னு பாத்தியா, இல்ல நீயே முடிவு பண்ணிட்டியா?"

"அது வந்து பாய்..." என்று இழுத்தேன்.

"தெரியும்" என்றான். "அதே கல்லுல ஒரு துண்டு கெடக்கும் பாரு. ஒவ்வொண்ணுத்தயும் ஒரு சொட்டு வுட்டுப் பாரு. அப்பால வந்து கத்து."

தண்ணீர் ஃபில்டருக்கு அடியில் அந்தத் துண்டு இருந்தது. மேடை வெட்டியபோது மிஞ்சியது, இன்னும் கண்ணாடி மாதிரி இருந்தது. நான்கு சொட்டு விட்டேன்: வெறும் தண்ணீர், தயிர், சாருடைய லிக்விட், புளித்தண்ணி. எது எது என்று பக்கத்தில் பேனாவால் எழுதினேன். போனில் பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்தேன். அந்தப் பத்து நிமிடம் என்னால் நிற்க முடியவில்லை. மூன்று ஜன்னல் துடைத்தேன், துடைத்ததையே திரும்பத் துடைத்தேன். லிக்விட் சொட்டுக்கு அடியில் கல் வெந்து கிடக்கும், போட்டோ எடுத்து சாருக்கு அனுப்பவேண்டும், என்ன எழுதி அனுப்புவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

போன் அடித்தது. ஈரத்துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்தேன்.

தண்ணீர் விட்ட இடத்தில் ஒன்றுமில்லை. லிக்விட் விட்ட இடத்திலும் ஒன்றுமில்லை. தயிர் லேசாக. புளித்தண்ணி விட்ட இடத்தில் மட்டும் பொட்டு அளவுக்குக் கல் குருடாகியிருந்தது.

"தேவி" என்றார் அண்ணி பின்னால் இருந்து. "நான்தான்."

திரும்பினேன்.

"நேத்து வந்து தொறந்தனா? பைப்புக்காரனுங்க மேடை மேல ஏறி நின்னுட்டுப் போயிருந்தானுங்க. ஒரே மண்ணு. எனக்கு மனசே கேக்கல. புதுப் புளி எட்த்துனு வந்திருந்தேன். உப்பும் புளியும் போட்டு முழுசாத் தேய்ச்சி அரமணி நேரம் ஊற வுட்டேன். கழுவினா மின்னும்னு பாத்தேன்."

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். புதுப் புளி வந்தால் முதல் உருண்டை குழம்புக்குப் போகாது. சாமி விளக்குக்கும் பித்தளைக் குடத்துக்கும்தான். அண்ணி வந்த வருடத்திலிருந்து அதைச் செய்வது அவர்தான். தேய்க்கத் தேய்க்கக் குடம் தங்கம் மாதிரி வரும். அந்த முதல் உருண்டையை இந்த வருடம் அண்ணி இங்கே கொண்டுவந்து இந்தக் கல்லுக்குப் போட்டிருக்கிறார்.

"வூட்டுக் குடம் இன்னும் கறுப்பாத்தான் கீது" என்றார். "இதுக்குத்தான் மொதல்ல செய்யணும்னு தோணிச்சி. நான் நின்னு சமைக்கிற எடம்."

பாறையில் வருடா வருடம் புளி அடிக்கிறோம், பாறைக்கு ஒன்றும் ஆவதில்லை. பித்தளை புளியால் மின்னுகிறது. அப்படியானால் பளபளக்கிற கல்லையும் புளி மின்னவைக்கும் என்றுதான் எங்கள் ஆட்கள் யாரும் நினைப்பார்கள். நானே கடையில் இருந்திருக்காவிட்டால் துணியோடு போய் உதவியிருப்பேன். கருங்கல் முரட்டு ஜாதி, எதையும் தாங்கும். மார்பிள் சுண்ணாம்புக் கூட்டம். புளிப்பு பட்டால் மேல்தோல் கரைந்துவிடும். கறை படிவது வேறு, இது வேறு. துடைத்தால் போகாது. தோலே போன பிறகு எதைத் துடைக்கிறது?

"காலைலயே சொல்ல வந்தேன்" என்றார் அண்ணி. "நீ எங்க வுட்ட?"

"சரி, யாருக்கும் தெரியாது" என்றேன். "லிக்விடுன்னே இருக்கட்டும்."

"அது இன்னா பேச்சி?" அண்ணி முகம் மாறியது. "நான் திருடினனா? தேய்ச்சேன். தேய்ச்சத தேய்ச்சேன்னு சொல்ல எனக்கின்னா பயம்? நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

நானே போன் போட்டேன். ஸ்பீக்கரில்.

"சார், லிக்விடு இல்ல. புளிதான். அண்ணி மேடைய புளி போட்டுத் தேய்ச்சிட்டாங்க. காலைல உங்க மேல போட்டது தப்பு."

"பாத்தியா? நான் சொல்லல?" அவர் குரலில் ஒரே சந்தோஷம். "அப்ப மாஸ்டர்—"

"முடிக்கல சார். ஃபிரிட்ஜு வாங்கும்போது ஒரு புக்கு குடுத்தீங்க. மிக்சிக்கி ஒரு புக்கு குடுத்தீங்க. தண்ணி ஃபில்டருக்குக் கூட ஒரு ஆளு வந்து அரமணி நேரம் பேசிட்டுப் போனாரு. இந்தக் கல்லப் போட்டீங்களே, இது மேல புளிப்பு படக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

அந்தப் பக்கம் செருமுகிற சத்தம் கேட்டது.

"எனக்கே தெரியாது" என்றார் கடைசியில், கொஞ்சம் சின்னக் குரலில். உடனே சரிசெய்துகொண்டார். "அதுக்கு? தப்பு தப்புதான்."

"ஆமா, நாங்கதான் பண்ணோம். சரிபண்றதும் நாங்கதான். சனிக்கிழம நாலு மணின்னு சொன்னீங்க. அந்தப் பேச்சு அப்டியே கீது."

"உனக்கு வாயி ஜாஸ்தி."

"கையும் ஜாஸ்தி சார். வந்து பாருங்க."

வெள்ளிக்கிழமை முதல் போளூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரு பை வந்தது. உள்ளங்கை அளவு பேடுகள், ஒவ்வொன்றின் முதுகிலும் நம்பர்: நானூறு, எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு, மூவாயிரம். நானூறுதான் சொரசொரப்பு, நம்பர் ஏற ஏற நைசாகும். ஒரு டப்பாவில் பாலிஷ் பவுடர், ஒரு பாட்டில் சீலர். ஒரு சீட்டில் ஃபஹீமின் கோழிக்கிறுக்கல்: "தண்ணி வுட்டுக்கினே தேய். காய வுடாத. நம்பர தாண்டாத. அவசரக்குடுக்கை மாதிரி பண்ணாத."

முதலில் ஜன்னல் ஓரம் இரண்டடி மட்டும் எடுத்துக்கொண்டோம். நானூறில் ஆரம்பித்து வட்டம் வட்டமாகத் தேய்த்தோம். வெள்ளைச் சேறு வந்துகொண்டே இருந்தது. அண்ணி மேலே தண்ணீர் ஊற்ற, நான் தேய்ப்பேன். என் கை ஓய்ந்தால் அண்ணி தேய்ப்பார், நான் ஊற்றுவேன். நான் ஊற்றியதைவிடப் பேசியது அதிகம். நம்பர் மாறும்போதெல்லாம் கழுவி, துடைத்து, குனிந்து பார்த்தோம். ஆயிரத்து ஐந்நூறில் ஜன்னல் கம்பி மங்கலாகத் தெரிந்தது. மூவாயிரத்தில் அண்ணியின் மூக்குத்தி தெரிந்தது. பவுடர் போட்டுப் பழைய கம்பளித் துணியால் அழுத்தி முடித்தபோது சாயங்காலம் ஆறு மணி, என் முகத்தில் இருக்கிற பருவைக்கூட எண்ணலாம்.

"வந்துட்ச்சி" என்றார் அண்ணி. குரலே மாறிவிட்டது. இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். "வந்துட்ச்சிடி!"

இரண்டடிக்கு ஒரு முழு நாள். இன்னும் ஆறடி இருந்தது, கையில் இருந்தது சனிக்கிழமை நாலு மணி வரைக்கும். முடியும் என்றுதான் நான் சொன்னேன். நான் எப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

சனிக்கிழமை விடிந்ததும் வந்துவிட்டோம். அண்ணி வீட்டிலிருந்து தூக்கில் முந்தைய நாள் குழம்பு கொண்டுவந்திருந்தார். ஆரம்பிப்பதற்கு முன் சாப்பிட்டுவிடலாம் என்று நான் தூக்கைத் திறந்தேன். கையெல்லாம் வலி, விரல் மடங்கவில்லை. மூடி வழுக்கி, குழம்பு ஒரு கரண்டி அளவுக்கு அந்த இரண்டடி மேல் கொட்டியது.

நான் துணி தேடி ஓடினேன். திரும்பி வந்து துடைப்பதற்குள் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. துடைத்துவிட்டுக் குனிந்தேன்.

கண்ணாடிக்கு நடுவில் ஒரு மங்கல் வளையம்.

ஒரு முழு நாள். இரண்டு பேர். ஒரு நிமிடம்.

அண்ணி அதைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "இது ஆவாத வேல தேவி. இத பளபளன்னு வெச்சிக்கணும்னா அவரு சொல்றதுதான் சரி. நான் கொட்டாயிக்கிப் போய்டுறேன். எனக்கு அடுப்பு எங்க இருந்தா இன்னா?"

முந்தைய நாள் முழுக்க நான் எதற்குத் தேய்த்துக்கொண்டிருந்தேன்? பளபளப்பு வேண்டும் என்று யார் கேட்டது? சார் கேட்டார். நானும் முந்திரிக்கொட்டை மாதிரி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் ஜெயித்து எட்டடியையும் கண்ணாடி ஆக்கினால், ஞாயிற்றுக்கிழமை வைக்கிற முதல் குழம்பிலேயே வளையம் விழும். புளியை வெளியே தள்ளச் சொன்ன அந்த ஆளுக்கு நானே காரணம் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் நானூறு நம்பர் பேடை எடுத்தேன்.

"எழுந்திரிங்க அண்ணி. பளபளப்பு வேணாம்."

"இன்னாடி சொல்ற?"

"வேணாம். நானூறோட நிறுத்திடுவோம். ஆறடியும் ஒரே மாதிரி மங்கலா, மேட் பினிஷா இருக்கட்டும், நம்ம புளி அடிக்கிற பாற மாதிரி. ஏற்கனவே மங்கலா இருக்கறதுல மங்கல் வுழுந்தா எங்க தெரியப்போவுது?"

"நீ பளபளப்பு கொண்டாறேன்னு தான பேசின?"

"பேசினேன். இப்ப வேற பேசுறேன்."

ஃபஹீமுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்தான். "பண்ணலாம். பெரிய ஓட்டல்ல இப்டித்தான் போடுறாங்க. புளி பட்டா குறி வுழும், ஆனா கண்ணுக்கு அவ்ளோவா தெரியாது. சீலர் கண்டிப்பாப் போடு, இல்லன்னா எண்ணெ உள்ள எறங்கிடும். ஆனா தேவயானி, சீலர் எண்ணெயத்தான் நிறுத்தும். புளிய நிறுத்தாது. அப்பால என்ன கேக்காத."

மத்தியானம் ஒரு மணிக்கு ஆறடியும் முடிந்துவிட்டது. அடுப்புப் பக்கம் பழைய எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. அதற்கு மட்டும் வெள்ளிக்கிழமையே ஆப்ப சோடாவைக் குழைத்து அப்பி பிளாஸ்டிக் கவரால் மூடி வைத்திருந்தேன். எடுத்தபோது சோடா மஞ்சளாகவும் கல் வெள்ளையாகவும் இருந்தது. கல்லை நன்றாகக் காயவிட்டு, சீலர் தடவி, ஊறவைத்து, துடைத்து எடுத்தோம். தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் உள்ளே இறங்காமல் முத்து மாதிரி நின்றது. ஜன்னல் ஓரம் இரண்டடியை நான் வளையத்தோடு அப்படியே விட்டுவிட்டேன்.

நாலு மணிக்குக் கார் வந்தது. சார் இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"இன்னா இது? ரெண்டடிதான் பளபளன்னு கீது. மீதி?"

"மீதி வேணும்னே அப்டி பண்ணது."

"நீ சொன்னது—"

"ரெண்டடி போதும் சார், என்னால முடியும்னு காட்ட. குனிஞ்சி பாருங்க, உங்க மூஞ்சி தெரியும். அப்டியே அந்த வளையத்தயும் பாருங்க. ஒரு நிமிசம் கொழம்பு நின்னது, அவ்ளோதான். இப்ப இங்க பாருங்க."

தூக்கிலிருந்து ஒரு கரண்டிக் குழம்பை எடுத்து மங்கலான பக்கத்தில் ஊற்றினேன். சார் "ஏய்!" என்று கத்தினார். நான் போனில் பத்து நிமிடம் வைத்தேன். மூன்று பேரும் நின்று குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். சார் இரண்டு தடவை மணி பார்த்தார். அண்ணி ஒரு தடவைகூட அவரைப் பார்க்கவில்லை.

போன் அடித்தது. துடைத்தேன். சார் குனிந்தார். ஜன்னல் பக்கம் போய்ச் சாய்ந்து பார்த்தார். இந்தப் பக்கம் வந்தார். விரலால் தடவினார்.

"எங்க ஊத்தின?"

"அதத்தான் நீங்க கண்டுபிடிக்கணும்."

ரொம்ப நேரம் தேடினார். லேசாக ஒரு நிழல் இருந்தது, எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. அவருக்குச் சிக்கவில்லை.

"ஆனா எனக்குப் பளபளப்பு புடிக்கும்" என்றார் பிடிவாதமாக. "கெஸ்ட்டு வந்தா பாப்பாங்க."

"கெஸ்ட்டு மேடையப் பாக்கவா சார் வராங்க? எந்தக் கல்லு வோணும்னு இப்பவே சொல்லிடுங்க. பளபளப்புதான்னா எட்டடியும் பண்ணித் தரேன், சத்தியமா பண்ணித் தரேன். ஆனா அதுல சமைக்கிறதுக்கு ஆளு போளூர்ல இல்ல, எங்கயும் இல்ல. தக்காளி கூட போடாத சமையல் யாருக்குத் தெரியும்?"

"பாக்கலாம். நாளைக்கி கெஸ்ட்டு வந்துட்டுப் போவட்டும், அப்பால—"

அப்போது அண்ணி நகர்ந்தார். சார் தடை போட்டதிலிருந்து வாசலுக்கு வெளியே படியில் மூன்று நாளாகக் கிடந்த புளி ஜாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சார் நின்ற இடத்தில்தான் மேடைக்கு வழி. அண்ணி நிற்கவில்லை. சார்தான் ஒதுங்கினார்.

ஜாடியை அடுப்புக்குப் பக்கத்தில், எப்போதும் இருக்கிற இடத்தில் வைத்தார்.

"இது இங்கதான் இருக்கும்" என்றார். மூன்று நாளில் அவரிடம் அண்ணி பேசிய முதல் வார்த்தை அது. "நானும் இங்கதான் இருப்பேன். நீங்க மாஸ்டருக்குப் போன் பண்ணி சொல்லிடுங்க, அந்தாளு பாவம் வீணா மலையேறப் போறாரு."

சார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் போனை எடுத்து வெளியே போனார். "ஹலோ மாஸ்டர், நாளைக்கி ஒண்ணும் வேணாம்... இல்ல, இல்ல, அப்டி ஒண்ணும் இல்ல..." என்று குரல் கேட்டது.

"அண்ணி" என்றேன் மெதுவாக, "ஜாடிக்கி அடியில ஒரு தட்டு வெச்சிடுங்க. கரண்டிய நேரா கல்லு மேல வைக்காதீங்க. கொட்டினா ஒடனே தொடைங்க, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரே ஒரு சொட்டு போதும், தொடச்சதும் காஞ்ச துணியால—"

"ஏய் கல்லு டீச்சர்" என்றார் அண்ணி, குனிந்து தட்டு ஒன்றை எடுத்தபடி. "தள்ளு. நாளைக்கி எட்டு பேருக்கு புளி ஊற வெக்கணும்."